கணக்கில் ஏறாத செலவு

பெரிய நாவல் ஒன்றைப் படித்துப் பல வருஷம் கழித்து அதில் எது நினைவில் தங்கியிருக்கிறது என்று பார்ப்பது சுவாரசியமான காரியம். கதை பெரும்பாலும் கரைந்துபோயிருக்கும். சம்பந்தமில்லாதவை போன்ற சில பொருட்கள் மட்டும் கரை ஒதுங்கிக் கிடக்கும். தாமஸ் மன் எழுதிய ‘புடன்புரோக்ஸ்’ நாவலில் எனக்கு அப்படி ஒதுங்கியவை ஒரு சொத்தைப் பல், ஓர் ஆலங்கட்டி மழை, ஒரு கரண்டி தேனடை, சிறுவன் ஒருவன் நோட்டில் இழுத்த இரண்டு கோடுகள். இத்தனைக்கும் அது முழுக்க முழுக்கப் பணத்தைப் பற்றிய நாவல். ஜெர்மனியின் வடகோடியில் ஒரு துறைமுக நகரம்; தானிய வியாபாரம் செய்யும் குடும்பம்; நான்கு தலைமுறை; 1835 இல் ஒரு விருந்தில் தொடங்கி 1877 இல் முடிகிற கதை. சீதனம், பாகம், உயில், நஷ்டம் எல்லாம் மார்க் கணக்கில் தொகை தொகையாக வந்துகொண்டே இருக்கும். அந்தத் தொகைகளில் பலவற்றை மறந்துவிட்டேன். பல்லும் தேனும் மறக்கவில்லை. இது என் ஞாபகத்தின் கோளாறு என்று முதலில் நினைத்தேன். இப்போது, நாவலாசிரியர் திட்டம் போட்டுச் செய்த வேலை என்று நினைக்கிறேன்.

மன் இதை எழுதி முடித்தபோது அவருக்கு வயது 25. பெர்லின் பதிப்பாளர் சாமுவேல் ஃபிஷர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து மலைத்துப்போய்ப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். மன் மறுத்துவிட்டார். 1901 இல் இரண்டு பாகமாக வந்த புத்தகம் மெதுவாகத்தான் விற்றது; 1903 இல் ஒரே தொகுதியாக, மலிவாக வந்தபிறகே ஜனங்கள் வாங்கினார்கள். 1929 இல் நோபல் பரிசு கொடுத்தவர்கள் முக்கியமாக இந்த நாவலைச் சொல்லியே கொடுத்தார்கள். ‘ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி’ என்பது துணைத் தலைப்பு. துணைத் தலைப்பைப் பார்த்ததும் நமக்கு இரண்டு அர்த்தங்கள் தயாராக வந்துவிடுகின்றன. பணம் இருக்கிற இடத்தில் நிம்மதி இருக்காது என்பது ஒன்று. பணம் கரைந்ததால் துக்கம் வந்தது என்பது மற்றொன்று. இரண்டையும் இந்த நாவல் ஏற்பதில்லை. இந்தக் குடும்பத்தில் மனிதர்களிடம் சொத்து இருக்கவில்லை, சொத்திடம் மனிதர்கள் இருந்தார்கள். ‘யோஹான் புடன்புரோக்’ என்ற கம்பெனிக்கு ஒவ்வொரு தலைமுறையும் தன் ஆசையிலிருந்து ஒரு பங்கைக் கட்டியது. அந்தக் கட்டணத்தை எழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. அதனால் அப்படி ஒரு செலவு நடப்பதாகவே யாருக்கும் தெரியவில்லை. என் வாதம் இவ்வளவுதான்.

இதற்கு முதல் சாட்சி டோனி, வீட்டின் மூத்த பெண். ஹாம்பர்க் வியாபாரி கிரூன்லிஷ் அவளைப் பெண் கேட்டு வருகிறான். பொன்னிறக் கிருதா, எண்ணெய் வழியும் பேச்சு. அவளுக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. அலைக்கழிந்து மெலிந்த பெண்ணை டிராவமுண்டே கடற்கரைக்கு, கப்பல் வழிகாட்டி ஒருவர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவருடைய மகன் மோர்ட்டன், மருத்துவ மாணவன், இருக்கிறான். காலை உணவின்போது தேனடையைச் சாப்பிடச் சொல்கிறான்; இயற்கைப் பொருள், எதை விழுங்குகிறோம் என்று தெரிந்து விழுங்கலாம் என்கிறான். காதல் அவ்வளவு சாதாரணமான இடத்தில் தொடங்குகிறது. இது தெரிந்து அப்பா கடிதம் எழுதுகிறார்: நாம் தனித்தனி ஆட்கள் இல்லை, ஒரு சங்கிலியின் கண்ணிகள் என்ற பொருளில். டோனி வீடு திரும்புகிறாள். மேசைமேல் பொன்விளிம்பிட்ட குடும்பக் குறிப்பேடு இருக்கிறது. பிறப்பு, திருமணம், இறப்பு, பிழைத்த நோய்கள் எல்லாம் பரம்பரை பரம்பரையாக ஏறிய ஏடு. அவள் புரட்டுகிறாள், தன் பெயரைப் பார்க்கிறாள், தன் பெயருக்குக் கீழே காலியிடம் இருப்பதைப் பார்க்கிறாள். யாரும் அவளை மிரட்டவில்லை. அவளே பேனாவை எடுத்து, 1845 செப்டம்பர் 22 என்று தேதி போட்டு, கிரூன்லிஷோடு நிச்சயமானதாக எழுதிவிடுகிறாள். கட்டாயக் கல்யாணக் கதைகள் எத்தனையோ உண்டு. பெண்ணே தன்னைப் பெருமிதத்தோடு பற்று எழுதிக்கொள்கிற இந்தக் காட்சி அவற்றையெல்லாம்விடக் கொடூரமானது, ஏனென்றால் இதில் குற்றம் சாட்ட ஆள் இல்லை. பிற்பாடு பல வருஷம் கழித்தும், தேன் என்ற பேச்சு வந்தால் டோனி அந்த இயற்கைப் பொருள் வாசகத்தை அப்படியே சொல்வாள். எங்கே கேட்டாள் என்று சொல்ல மாட்டாள். சீதனம் 80,000 மார்க். தேனுக்குக் கணக்கு இல்லை.

அந்த 80,000 போன விதத்தில் மன்னின் கேலி உச்சத்தைத் தொடுகிறது. அப்பா ஜாக்கிரதையான வியாபாரி. மாப்பிள்ளையின் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தவர், ஹாம்பர்க்கில் நாலு பேரிடம் விசாரித்தவர். எல்லோரும் நல்ல விதமாகவே சொன்னார்கள். காரணம் நாலு வருஷத்துக்குப் பிறகு தெரிகிறது: அவர் விசாரித்தவர்கள் கிரூன்லிஷுக்குக் கடன் கொடுத்தவர்கள். சீதனம் வந்தால்தான் தங்கள் கடன் வசூலாகும் என்று நற்சான்று தந்திருக்கிறார்கள். கணக்குப் புத்தகமும் ஜோடிக்கப்பட்டது. மாப்பிள்ளை திவாலாகிற கட்டத்தில் அப்பா மகளைத் தனியே உட்காரவைத்து, உன் கணவனை நேசிக்கிறாயா என்று முதல்முறையாகக் கேட்கிறார். நாவலிலேயே மனசைப் பிசைகிற கேள்வி இது. கேள்வியில் தவறில்லை, கேட்ட நேரம்தான் தவறு. அவளுக்கு நேசம் இருந்தால் கடனை அடைக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் பணம் மிஞ்சும். மகளின் மனசு அந்த வீட்டில் ஒரு தகவலாக மதிக்கப்பட்ட ஒரே தருணம், அதன் விலை கடையில் தெரிகிற தருணம். அவள் இல்லை என்றதும் அவர் அடைகிற நிம்மதியில் பாசமும் இருக்கிறது, கைமுதல் தப்பிய ஆறுதலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட மன் முயலவில்லை. அப்பாவுக்கே பிரியவில்லை என்று காட்டுகிறார்.

அண்ணன் தாமஸ் கதை இன்னும் நுட்பம். அவன் காதலித்தது ஃபிஷர்குரூபெ தெருவில் பூக்கடையில் வேலை செய்யும் அன்னாவை. ஒரு மாலையில் கடைக்குள் போய் விடைபெற்றுக்கொண்டு வருகிறான்; தரத்தைக் குறைத்துக்கொள்ளாதே என்று அவளுக்குப் புத்தியும் சொல்கிறான். பிறகு ஆம்ஸ்டர்டாமில் வயலின் வாசிக்கும் கெர்டாவை மணக்கிறான்; சீதனம் மூன்று லட்சம் மார்க். அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில், அவளிடம் கொண்ட ஈடுபாட்டில் இந்தத் தொகைக்கு எவ்வளவு பங்கு என்று ஆழமாகத் தோண்டிப் பார்க்க விருப்பமில்லை என்று நாசூக்காக ஒப்புக்கொள்கிறான். செனட்டர் ஆகிறான். அதே ஃபிஷர்குரூபெவில் ஊரே வாய்பிளக்கும்படி புதுவீடு கட்டுகிறான். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்ற நம் பழமொழி செலவைப் பற்றிய எச்சரிக்கை. இவன் இரண்டையும் செய்து, இரண்டுக்கும் கையில் பணமும் இருந்து, பிறகு அலுத்துப்போகிறான். வீடு கட்டி முடிந்ததும் சாவு வரும் என்ற துருக்கிப் பழமொழியைத் தங்கையிடம் சொல்கிறான். மேன்மையின் வெளி அடையாளங்கள் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் உள்ளே எல்லாம் இறங்கத் தொடங்கியிருக்கும், அணைந்துபோன நட்சத்திரத்தின் ஒளி இன்னும் வந்துகொண்டிருப்பதைப் போல என்கிறான். கவனிக்க வேண்டும்: இதைச் சொல்லும்போது அவன் ஓட்டாண்டி இல்லை. வசதியின் உச்சியில் இருக்கிறான். துக்கம் நஷ்டத்துக்கு முன்பே வந்துவிட்டது. நஷ்டத்தால் துக்கம் என்கிற வாசிப்பு இங்கேயே அடிபட்டுப்போகிறது.

நஷ்டமும் வருகிறதுதான். கடனில் தவிக்கும் ஒரு ஜமீன்தாரின் விளைச்சலை, கதிர் வயலில் நிற்கும்போதே அடிமாட்டு விலைக்கு வாங்கச் சொல்லி டோனி தூண்டுகிறாள். இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிற வியாபாரம் வேண்டாம் என்பது கம்பெனியைத் தொடங்கிய மூதாதை விட்டுப்போன கட்டளை. தாமஸ் தயங்கி, தயங்கியதற்காகவே வெட்கப்பட்டு, வாங்குகிறான். 1868 ஜூலை 7, கம்பெனியின் நூற்றாண்டு விழா. நான்கு தலைமுறை முதலாளிகளின் படமும் அந்தக் கட்டளையும் பொறித்த பலகையைக் குடும்பத்தார் பரிசளிக்கிறார்கள். வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள், வாழ்த்த வந்தவர்கள் வந்தபடி இருக்கிறார்கள். தந்தி வருகிறது: ஆலங்கட்டி மழை, விளைச்சல் முழுக்கப் போயிற்று. தாமஸ் கோபப்படவில்லை, அழவில்லை. இப்படித்தான் ஆகவேண்டும் என்பதுபோல ஒருவகை விடுதலை உணர்ச்சியே அவனுக்கு வருகிறது. அந்த விடுதலைதான் என் வாதத்துக்கு முக்கியம். சொத்தை ஆள்பவன் நஷ்டத்தில் துடிப்பான். சொத்துக்கு ஊழியம் செய்து களைத்தவனுக்கு ஒரு கணமாவது மூச்சு வரும்.

கடைசிக் காலத்தில் அவன் உடை மாற்றுகிறான், திரும்பத் திரும்ப மாற்றுகிறான். புதுச்சட்டை, முறுக்கி மெழுகிட்ட மீசை, கண்ணாடி முன்னால் நாடக நடிகனின் ஒப்பனை நேரம். தெருவில் இறங்கினால் செனட்டர். அறைக்குள் வந்து நாற்காலியில் விழுந்தால் முகம் கழன்று தொங்குகிறது. மன் அவனைச் சாகடிக்க ஒரு பல்லைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. ஆரம்பத்திலிருந்தே இந்தக் குடும்பத்துக்குப் பற்கள் சரியில்லை, வெளியே தெரியாமல் உள்ளே அரிக்கிறவை. 1875 ஜனவரி. பல் டாக்டர் குறடு வைத்து இழுக்கிறார், மேல்பகுதி மட்டும் உடைந்து வருகிறது, வேர் நிற்கிறது. மிச்சத்தை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று தாமஸ் கிளம்பி, சொந்தத் தெருவில், உருகிய பனிச்சேற்றில் முகம் குப்புற விழுகிறான். வெள்ளைத் தோல் கையுறையோடு கைகள் சேற்றுக் குட்டையில். அவ்வளவு உடையும் கண்ணாடியும் காப்பாற்றி வைத்த வெளித்தோற்றம் ஒரு நிமிஷத்தில் அழுக்காகிறது. அவன் உடலைப் பார்க்கவந்த கூட்டத்தில் பூக்கடை அன்னாவும் ஒருத்தி. அவள் இப்போது அந்தக் கடைக்காரரின் மனைவி, கர்ப்பிணியாக இருக்கிறாள்.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு எளிதாக வரும். பாட்டனார் யோஹானும் பணக்காரர்தானே, 1835 விருந்தில் அவர் சிரித்துக்கொண்டு புல்லாங்குழல் ஊதிக்கொண்டுதானே இருக்கிறார்? உண்மை. அவர் பணத்தை ஆண்ட மனிதர், அதைக் கும்பிடவில்லை. ஆனால் அதே விருந்தின்போது அவருடைய மூத்த மகன் கோட்ஹோல்டின் கடிதம் வீட்டுக்குள் இருக்கிறது. கடைக்காரப் பெண்ணைக் கட்டியதற்காக ஒதுக்கிவைக்கப்பட்ட மகன், தன் பங்கைக் கேட்டு எழுதியது. விருந்தாளிகள் போனபின் பாட்டனாரும் இளைய மகனும் விளக்கடியில் உட்கார்ந்து, கொடுத்தால் கம்பெனிக்கு எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடுகிறார்கள். கொடுப்பதில்லை என்று முடிவாகிறது. அந்த வீடும் அவர்கள் கட்டியது இல்லை, நொடித்துப்போன ராட்டன்காம்ப் குடும்பத்திடமிருந்து வாங்கியது. ராட்டன்காம்ப்கள் ஏன் விழுந்தார்கள் என்று வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பாட்டனாரின் சந்தோஷம் பொய் என்று சொல்லமாட்டேன். அதற்கான கட்டணத்தை வேறொருவர் கட்டிக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்கிறேன்.

போதும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் நாவலில் உண்டு. டோனியின் இரண்டாவது கணவர் பெர்மனேடர், மியூனிக்கில் பீருக்கான ஹாப்ஸ் விற்பவர். பருத்த, பாமரமான மனிதர். சீதனம் கைக்கு வந்த உடனே வியாபாரத்தை மூட்டை கட்டிவிட்டு, வட்டியும் வாடகையும் போதும், இனி நிம்மதியாக பீர் குடிக்கலாம் என்கிறார். டோனிக்கு இது தாங்க முடியாத அவமானம். பெரிய மனுஷியாக வேண்டும் என்று கட்டிக்கொண்டவள் அவள். குடிபோதையில் சமையல்காரியிடம் கையை நீட்டியதும், டோனியை ஏசியதும் அவர் செய்த குற்றங்கள்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விவாகரத்தின்போது சீதனத்தை மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தவரும் அவரே. குடும்பம் அவரைக் கேலிப்பொருளாகவே நினைவு வைத்தது. மன்னும் ஓரளவு அப்படியே எழுதினார். அந்த இடத்தில் நாவலாசிரியரோடு எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. பணத்தையும் கம்பெனியையும் ஏன் இழுக்கிறீர்கள், இது இரத்தத்தின் கதை. ஒவ்வொரு தலைமுறையும் உடல் மெலிந்து, நரம்பு கூர்மையாகி, கடைசியில் சங்கீதத்தில் கரைகிறது. தத்துவவாதி ஷோப்பன்ஹவரைப் படித்த மன் அதைத்தான் எழுதினார் என்பார்கள். தாமஸே ஒரு பிற்பகலில் ஷோப்பன்ஹவரைப் படித்து அழுகிறான் என்பதையும் காட்டுவார்கள். ஆதாரம் இருக்கிறது. ஆனால் தம்பி கிறிஸ்டியானைப் பாருங்கள். அதே இரத்தம், அதே நரம்பு, கம்பெனி ஊழியத்தை மட்டும் மறுத்தவன். கிளப்பில் உட்கார்ந்து வியாபாரி எவனும் மோசக்காரனே என்று வாய்விட்டவன். அவனிடம் சண்டையில் தாமஸ் சொல்லும் வாக்குமூலம் உடலைப் பற்றியது இல்லை: உன்னைப் போல ஆகிவிடக்கூடாது என்பதாலேயே நான் இப்படி ஆனேன் என்கிறான். தனக்குள்ளும் ஒரு கிறிஸ்டியான் இருந்தான், அவனை அடைத்துவைக்கவே தன் சக்தி போயிற்று என்கிறான். அதற்காகக் கிறிஸ்டியான் சந்தோஷமாக இருந்தான் என்றும் சொல்ல முடியாது. கம்பெனிப் பணத்திலேயே தின்று, உடம்பின் வலிகளை எண்ணி, கடைசியில் மனைவியால் மனநோய் விடுதியில் போடப்படுகிறான். சொத்து, ஊழியம் செய்தவனையும் செய்யாதவனையும் ஒரேமாதிரி தன் பிடியில் வைத்திருந்தது.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பணக்காரன் துக்கம் பணக்காரனுக்கே கட்டுபடியாகும் ஆடம்பரம். பசித்தவனிடம் போய்ச் சொல்ல முடியுமா? முடியாது. இந்த நாவலுக்கு வறுமையைத் தெரியாது. 1848 கலகத்தில் தெருவுக்கு வருகிற தொழிலாளிகள் சிரிப்புக்காகவே வருகிறார்கள்: எங்களுக்குக் குடியரசு வேண்டும் என்கிறான் ஒருவன், ஏற்கெனவே குடியரசுதானே என்கிறார் முதலாளி, அப்படியென்றால் இன்னொன்று வேண்டும் என்கிறான். நல்ல நகைச்சுவை, பார்வை மாடியிலிருந்து. இன்னும் சங்கடமான உண்மை ஒன்று உண்டு. மன்னின் அப்பாவும் லூபெக் நகரத்தின் செனட்டர், தானிய வியாபாரி. அவர்களுடைய நிஜக் கம்பெனி 1890 இல் நூற்றாண்டு கொண்டாடியது. அடுத்த வருஷம் அப்பா இறந்தார். உயிலின்படி கம்பெனி கலைக்கப்பட்டது. அந்தப் பணத்தின் வட்டியில் மாதாமாதம் வந்த தொகையில் உட்கார்ந்துதான் இளைஞர் மன் எழுதத் தொடங்கினார். சொத்து மனிதனை விழுங்குவதைச் சொன்ன புத்தகத்துக்குச் சொத்தே சோறு போட்டது. ஆகவே இதைக் காட்டி ஏழைக்கு ஆறுதல் சொல்வது அயோக்கியத்தனம். இருக்கிறவன் தன் கணக்கைச் சரிபார்க்க உதவும் புத்தகம் இது; அதற்குமேல் கேட்கக் கூடாது.

மிஞ்சுவது டோனி. இரண்டு திருமணமும் முறிந்து, மருமகன் ஜெயிலுக்குப் போய், பிறந்த வீட்டையும் பழைய போட்டிக் குடும்பமான ஹாகன்ஸ்ட்ரோம் வாங்கிய பிறகும் அவள் நிமிர்ந்து நிற்கிறாள். சிறுவயதில் எலுமிச்சை பன்னைக் காட்டி முத்தம் கேட்ட அதே ஹெர்மன் ஹாகன்ஸ்ட்ரோம்தான் வீட்டைப் பார்க்க வருகிறான். அவளுடைய குடும்பப் பெருமைதானே அவளைக் காப்பாற்றியது என்று கேட்டால், ஆமாம். அவளால் குழந்தையைப் போல வாய்விட்டு அழ முடிந்தது. அழுது தீர்த்துவிட்டு எழுந்தாள். தாமஸுக்கு அது முடியவில்லை. பொறுப்பு அவன் தலையில், பெருமை அவள் தலையில்.

தாமஸின் ஒரே மகன் ஹன்னோ ஒருநாள் அந்தப் பொன்விளிம்பு ஏட்டைத் திறந்து, முழு வம்சாவளியையும் படித்து, தன் பெயருக்குக் கீழே கோல் வைத்து அழகாக இரட்டைக் கோடு இழுக்கிறான். பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் முடிக்கக் கற்றுக்கொடுத்தபடி. அப்பா கேட்டபோது, இனி ஒன்றும் வராது என்று நினைத்ததாகத் திக்கித் திணறுகிறான். கணக்கில் இரட்டைக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று கடை வைத்திருக்கும் யாரையும் கேட்கலாம். டோனி அந்த ஏட்டில் பற்று எழுதினாள், பின்னால் தன் விவாகரத்தையும் தானே எழுதினாள். சிறுவன் ஐந்தொகை போட்டு முடித்துவிட்டான்.

1877 இல் ஹன்னோ டைபாய்டில் இறக்கிறான். கெர்டா வயலினோடு ஆம்ஸ்டர்டாம் திரும்புகிறாள். கம்பெனி இல்லை, வீடு இல்லை, பெயர் சொல்ல ஆண் இல்லை. மிச்சமிருக்கும் வயதான பெண்களைப் பார்த்து டோனி, வாரம் ஒருநாள் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்கிறாள்; சாப்பிட்டபின் சேர்ந்து உட்கார்ந்து குடும்ப ஏட்டைப் படிக்கலாம் என்கிறாள்.